கல்லமேட்டு மிருகம்

காபி வேண்டாம்மா. நீங்க சிரமப்படாதீங்க. தண்ணி குடிச்சாச்சு, அது போதும். நீங்க உக்காருங்க. நிக்கிறவங்ககிட்ட பேசுறதுக்கு எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. அங்க வேண்டாம், வாசப்படி கிட்ட காத்து அடிக்குது. இப்படி உள்பக்கமா உக்காருங்க. ஆங், அதான்.

நான் பொய் சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்னு நினைச்சுடாதீங்க. கேட்டுல நின்னுக்கிட்டு "ஆபீஸ் விஷயமா வந்தீங்களா?"ன்னு கேட்டீங்க. ஆமான்னேன். ஆபீஸ் விஷயம்தானே? மிருதுளா மேடத்தோட ஆபீஸ், மேடம் பண்ற விளையாட்டு, அதுல வர வேண்டிய மிருகம். இதுல பொய் எங்க இருக்கு?

என் பேரு கொளஞ்சிநாதன். அரியலூர்லேர்ந்து வர்றேன். பேரைச் சொன்னதும் உங்க முகம் மாறுச்சு, நான் கவனிச்சேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு, மேடம் வீட்ல என்னைப் பத்திச் சொல்லியிருக்காங்கன்னு. எனக்கு அது போதும்மா. இவ்வளவு தூரம் வந்ததுக்கு அதுவே போதும்.

இல்ல, போன் பண்ண வேண்டாம். வண்டியில வந்துக்கிட்டு இருப்பாங்க. வண்டி ஓட்டும்போது போன் அடிச்சா கவனம் சிதறும். அதை இப்படி டீப்பா மேல வச்சிடுங்க. வரட்டும். வர்ற வரைக்கும் நாம பேசிக்கிட்டு இருப்போம்.

உங்க பொண்ணு என்ன விளையாட்டு பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? பெத்தவங்களுக்குப் பெரும்பாலும் தெரியறதில்ல. கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அதுக்குப் பேரு கல்வனம். போன்ல விளையாடறது. நமக்குன்னு ஒரு பெரிய இடம் கொடுப்பாங்க. வேலி போடணும், குளம் வெட்டணும், மரம் நடணும். அப்புறம் டைனோசர் கொண்டுவந்து விடணும். பாக்க வர்ற ஜனங்களுக்குப் பாதை, கழிப்பறை, ஐஸ்கிரீம் கடை எல்லாம் நாமதான் கட்டணும். மிருகத்துக்கு இடம் பத்தலைன்னாலோ, கூட்டு இல்லாம தனியா இருந்தாலோ வேலியை முட்டும். முட்டி முட்டி ஒருநாள் உடைச்சிடும். ஜனங்க ஓடுவாங்க. நிறைய பேர் அந்த ஜனங்களைப் பத்திக் கவலைப்படுவாங்க. எனக்கு அந்த மிருகத்தைப் பாத்தாதான் பாவமா இருக்கும். அது கேட்டது கொஞ்சம் இடம்தானே?

நான் ஒரு சிமெண்ட் ஆலையில எடைமேடையில வேலை பாத்தேன். சுண்ணாம்புக்கல் ஏத்திக்கிட்டு லாரி வரும், மேடையில ஏறும், எடை போட்டு அனுப்புவேன். அடுத்த லாரி வர்ற வரைக்கும் போன்தான். எங்க பக்கம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சும்மா. சொன்னா சிரிப்பாங்க. ஏர் ஓட்டுற வயல்ல சுறாப் பல்லு கெடைக்கும். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல்லு கெடைக்கும். அதெல்லாம் ஒரு காலத்துல உசுரு. அது கல்லாகி, அந்தக் கல்லை வெடி வச்சு உடைச்சு, அரைச்சு, சுட்டுத்தான் சிமெண்டு. இந்தச் சுவத்துலகூட ஏதாவது ஒண்ணு இருக்கும். ஆணி அடிச்சுக் காலண்டர் மாட்டியிருக்கீங்களே, அங்கயே இருக்கும்.

கல்வனத்துல முதல்ல எல்லாம் ஊருக்கே தெரிஞ்ச மிருகம்தான். பெரிய வாயும் குட்டிக் கையுமா ஒண்ணு, மூணு கொம்போட ஒண்ணு. திருவிழாக் கடையில பிளாஸ்டிக் பொம்மையா தொங்குமே, அதேதான். விளையாடறவங்க பேசிக்கிறதுக்கு ஒரு குழு உண்டு. அதுல மேடம் ஒருநாள் எழுதியிருந்தாங்க. "அதிகம் பேருக்குத் தெரியாத டைனோசர் எதை நம்ம பூங்காவுல சேக்கலாம்? உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

அது என்கிட்ட கேட்ட கேள்வி. பெரிய குழுதான், ஏகப்பட்ட பேரு இருக்காங்க, இல்லேங்கல. ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சவன் அதுல நான் ஒருத்தன்தானேம்மா.

ரகியோலிசாரஸ் பத்தி எழுதுனேன். குஜராத் பக்கம் கிடைச்சது. அதே பக்கம் ராஜாசாரஸ்னு ஒரு வேட்டை மிருகம் கிடைச்சுதுல்ல, அதுக்குப் பங்காளி மாதிரி, ஆனா கொஞ்சம் ஒல்லி, கால் நீளம். அதுல என்ன விசேஷம்னா, பெருசு சிறுசுன்னு பல வயசு எலும்பு ஒரே இடத்துல கலந்து கிடந்துச்சு. தாயும் குட்டியும் ஒண்ணா இருந்துச்சோ என்னவோ. நான் எழுதுனேன், இதைப் பூங்காவுல விட்டா குடும்பமாத்தான் விடணும், குட்டியைப் பிரிச்சு வேற வேலிக்குள்ள போட்டா பெருசு சாப்பிடக் கூடாது, தினமும் வேலி ஓரமா வந்து நிக்கணும், அப்படி வைங்கன்னு.

உடனே பதில் வந்துச்சு. "அருமையா இருக்கு கொளஞ்சி சார்! இன்னும் இருந்தா எழுதுங்க."

இன்னும் இருந்தா எழுதுங்க. இதைச் சொன்னது நான் இல்ல. அவங்க. இதை நீங்க ஞாபகம் வச்சுக்கணும்மா. அப்புறம் நிறைய பேரு நிறைய பேசுனாங்க. ஆனா முதல்ல கூப்பிட்டது யாருன்னு ஒருத்தரும் கேக்கல.

எழுதுனேன். லேவிசூக்கஸ் பத்தி எழுதுனேன். ஜபல்பூர் பக்கத்துச் சின்ன மிருகம். கழுத்து எலும்பும் முதுகெலும்பும் கொஞ்சம் கிடைச்சுது, அதுலயும் முக்கால்வாசி தொலைஞ்சுபோச்சு. லேசான உடம்பு, ஓட்டமா ஓடும். பூங்காவுல அதை விட்டா கண்ணுலயே படக் கூடாது, புல்லு அசையறது மட்டும்தான் தெரியணும்னு எழுதுனேன். கோட்டாசாரஸ் பத்தி எழுதுனேன். தெலுங்கானா. நீளக் கழுத்து மிருகத்துலயே ரொம்பப் பழைய ஜாதி. ஐதராபாத்துல ஒரு அருங்காட்சியகத்துல முழு எலும்புக்கூடு நிக்குது. கல்யாணம் ஆன புதுசுல என் வீட்டுக்காரியை அங்க கூட்டிட்டுப் போனேன். இளஞ்சியம்னு பேரு. அவ சார்மினார் பாக்கணும்னா. நான் கோட்டாசாரஸ் கால் கிட்ட நிக்க வச்சுப் போட்டோ எடுத்தேன். "சீக்கிரம் எடுங்க, இது மேல விழுந்துரும்போல இருக்கு"ன்னா. போட்டோவுல மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு நிப்பா. நல்லா இருக்கும்.

அப்புறம் அல்வால்கேரியா. உங்களுக்குப் பிடிக்கும்மா அது. ஆட்டுக்குட்டி உயரம்கூட இருக்காது. பூச்சியும் திங்கும், இலையும் திங்கும். அதுக்கு வேலியே வேண்டாம், பாக்க வர்ற ஜனங்க காலுக்கு நடுவுல ஓடட்டும், ஐஸ்கிரீம் கீழ விழுந்தா வந்து நக்கட்டும்னு எழுதுனேன்.

அதைச் சேத்துட்டாங்க! நிஜமா. நான் எழுதுன மாதிரியே. வேலி இல்லாம, காலுக்கு நடுவுல ஓடுது. கீழ நன்றின்னு போட்டு ஒரு வரிசைப் பேரு, அதுல என் பேரும். அன்னிக்கு எடைமேடையில ரெண்டு பக்கமும் லாரி நிக்குது, டிரைவருங்க ஆரன் அடிக்கிறாங்க, எனக்குக் காதுலயே விழல. வீட்டுக்குப் போயி இளஞ்சியத்துக்கிட்ட காட்டுனேன். பாத்தா. "அழகாத்தான் இருக்கு. கேஸ் தீந்துபோச்சுன்னு போன் பண்ணேனே, சிலிண்டருக்குச் சொன்னீங்களா?"ன்னா.

அவளைக் குத்தம் சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா பாருங்க, நான் சொன்னதைக் கேட்டு ஒரு உசுருக்கு உசுரு கொடுத்தது மிருதுளா. கட்டுன பொண்டாட்டிக்கும் அதுக்கும் இருக்கற வித்தியாசம் எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சுது. தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மாதிரி எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. உங்க எதிர்ல உக்காந்து சொல்றேன்.

அதுக்கப்புறம்தான் பெருசைச் சொன்னேன்.

பிருகத்காயோசாரஸ். பேரே பெரிய உடம்புக்காரன்னு அர்த்தம். எங்க ஊரு மிருகம்மா. அரியலூர் பக்கத்துல கல்லமேடுன்னு ஒரு இடம், அங்க கிடைச்சுது. இடுப்பெலும்பு, தொடையெலும்பு, முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பு, வாலெலும்பு. அளவைக் கேட்டா நம்ப மாட்டீங்க. உலகத்துலயே நிலத்துல நடந்த உசுருலயே அதான் பெருசா இருக்கலாம்ங்கிறாங்க. நாம இருக்கற இந்த மண்ணுலம்மா! ஆனா அந்த எலும்பு தாங்கல. ஏற்கெனவே உளுத்துப் போயிருந்துச்சு. மழையில ஊறி, எடுக்க எடுக்கப் பொடியாப் போச்சு. இப்ப எதுவும் இல்ல. படம் வரைஞ்சு வச்சிருக்காங்க, அது மட்டும்தான் மிச்சம். அதுலயும் சில பேரு அது எலும்பே இல்ல, கல்லாப்போன மரம்னு சொன்னாங்க. இப்படித்தான் எங்க பக்கம் திராவிடோசாரஸ்னு இன்னொண்ணு இருந்துச்சு. அதை டைனோசரே இல்ல, கடல் பிராணின்னு சொல்லி எடுத்துட்டாங்க. இருந்ததே ரெண்டு, ரெண்டையும் இல்லேன்னா எப்படி?

மிருதுளாவுக்கு நீளமா எழுதுனேன். அது பூங்காவுக்குள்ள வரும்போது முதல்ல உருவம் தெரியக் கூடாது, ஐஸ்கிரீம் கடையில கண்ணாடிக் கிண்ணம் நடுங்கணும், குளத்துல தண்ணி வட்டம் போடணும், மத்த மிருகமெல்லாம் மேயறதை நிறுத்திட்டுத் தலை தூக்கணும், அப்புறம்தான் ஒரு கால் தெரியணும். வேலியே கூடாது. எந்த வேலி அதைத் தாங்கும்?

மிருதுளா பதில் போட்டா. "கொளஞ்சி சார், உங்க ஆர்வம் புரியுது. ஆனா இதுக்கு ஆதாரம் ரொம்பக் கம்மி. எலும்பே இப்ப இல்ல. அப்படி ஒண்ணு இருந்துச்சான்னே சந்தேகம் இருக்கறப்போ சேக்கறது கஷ்டம். போன் திரையிலயும் அடங்காது. வேற பாக்கலாம்."

நான் கோவப்படல. நான் யார்கிட்டயும் கோவப்படறவன் இல்ல. எலும்பு இல்லேன்னா மிருகம் இல்லேன்னு ஆயிடுமா மேடம்னுதான் கேட்டேன். பதில் இல்ல. மறுபடி கேட்டேன். பதில் இல்ல. தினமும் கேட்டேன். வேலையா இருப்பாங்கன்னு நினைச்சு, காலையில ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவைன்னு கேட்டேன். அப்புறம் பாத்தா மிருதுளாவோட பக்கமே எனக்குத் திறக்கல. ஏதோ கோளாறு. இந்தக் கம்பெனிக்காரங்க அடிக்கடி எதையாவது மாத்துறாங்கல்ல? வேற பேருல ஒண்ணு ஆரம்பிச்சேன். அதுவும் கோளாறு ஆச்சு. இன்னொண்ணு ஆரம்பிச்சேன். உங்க அண்ணன் பொண்ணு கல்யாணப் போட்டோ போட்டிருந்தாங்கல்ல, அந்தப் பொண்ணோட பக்கத்துல? பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு நீங்க ஓரமா நின்னீங்க. அதுக்குக் கீழ போயி எழுதுனேன். மிருதுளா அங்க பாக்கும்ல? வேற எங்க போயிச் சொல்றது நான்?

முகமெல்லாம் ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? சுகர் இருக்கா? இருந்தா நேரத்துக்குச் சாப்பிடணும். எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்.

அப்புறம் கம்பெனியில ஓட்டு வச்சாங்க, அடுத்தது எந்த மிருகம் வேணும்னு. எனக்குத் தெரியும், அது மிருதுளா ஏற்பாடுதான். நேரடியா சொல்ல முடியல, இப்படி ஒரு வழி திறந்து விட்டா. நான் விடல. எத்தனை பேருல கணக்கு ஆரம்பிக்க முடியுமோ அத்தனை பேருல ஆரம்பிச்சு ஓட்டுப் போட்டேன். பிருகத்காயோதான் முன்னால நின்னுச்சு. திடீர்னு ஒருநாள் என் ஓட்டு எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. கள்ள ஓட்டாம். ஒவ்வொரு ஓட்டும் நான் மனசாரப் போட்டது, அது எப்படிக் கள்ள ஓட்டாகும்? குழுவுலேர்ந்தும் என்னை எடுத்துட்டாங்க.

இளஞ்சியம் அன்னிக்கு ஒரு சண்டை போட்டா. "அந்தப் பொண்ணு உங்களைக் கேட்டுச்சா? வேண்டாம் வேண்டாம்னு விலகிப் போற பொண்ணை ஏன் துரத்துறீங்க? நாளைக்குப் போலீஸ் வந்தா நான் என்ன சொல்றது?"ன்னா. நான் நிதானமா எடுத்துச் சொன்னேன். போலீஸ் எதுக்கு வரப் போவுது, ஒரு மிருகத்தைச் சேக்கச் சொல்றது குத்தமான்னு. அவ பையில துணியை எடுத்து வச்சா. விருத்தாசலத்துல அவ அம்மா வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒத்தாசைக்குப் போயிருக்கா. தை பொறந்தா வந்துடுவான்னு இருந்தேன். தை போயி இப்ப ஐப்பசியும் வந்தாச்சு. முழங்கால் வலி லேசுல போகாதும்மா.

வீட்ல யாரும் இல்லாததும் ஒருவிதத்துல நல்லதாப் போச்சு. எனக்கு நேரம் கிடைச்சுது. எலும்பு இல்லேங்கிறதுதானே மிருதுளா சொன்ன குறை? எடுத்துக் காட்டிட்டா? எடைமேடையில லாரி ஏறுனதும் மேல ஏறிப் பாக்க ஆரம்பிச்சேன். சந்தேகமா ஏதாவது கல்லு தெரிஞ்சா லோடை அப்படியே ஓரமாக் கொட்டச் சொல்லுவேன். டிரைவருங்க கத்துவாங்க. ஒருநாள் வரிசை மெயின் ரோடு வரைக்கும் நின்னுபோச்சு. மேனேஜர் வந்தாரு. "கொளஞ்சி, உடம்பு சரியில்லேன்னா கொஞ்சநாள் வீட்ல இரு"ன்னாரு. தங்கமான மனுஷன். அந்தக் கொஞ்சநாள் இன்னும் முடியல.

ஓடையில மழை பெஞ்சதுக்கப்புறம் போயித் தேடுனேன். கல்லமேட்டுல. கிடைச்சுது.

இந்தப் பையில என்ன இருக்குன்னு அப்பலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கீங்கல்ல? பயப்படாதீங்க. இதான். கல்லு மாதிரி தெரியும். எடுத்துப் பாருங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க, கனம் ஜாஸ்தி. ஒரு மண்டையில விழுந்தா அவ்வளவுதான்! அந்தக் கனம். இந்த ஓரத்துல பாருங்க, நார் நாரா ஓடுதுல்ல? எலும்பு. ஒரு காலேஜ் வாத்தியார்கிட்ட காட்டுனேன். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே பாத்துட்டு, "வெறும் சுண்ணாம்புக் கட்டிங்க"ன்னுட்டாரு. அவருக்கு என்ன தெரியும், அவரு பாடம் நடத்துறவரு. மிருதுளா தொட்டுப் பாத்தாத் தெரியும். அதுக்குத்தான் தூக்கிக்கிட்டு வந்தேன். குடுங்க, நான் வச்சுக்கறேன். உங்களால முடியல.

முதல்ல ஆபீசுக்குத்தான் போனேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? செக்யூரிட்டி உள்ள விடல. பரவாயில்லேன்னு எதிர்ல டீக்கடையில உக்காந்தேன். மறுநாளும் போயி உக்காந்தேன். அதுக்கடுத்த நாளும். வெளிய வர்ற ஒவ்வொரு பொண்ணையும் பாப்பேன், நம்ம மிருதுளாவான்னு. கடைசியில ஒருநாள் அவளே இறங்கி வந்தா. கூட ஒரு ஆளு, மேலதிகாரி போல. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னா. நான் இந்தப் பக்கம். போட்டோவுல பாத்ததைவிட ஒல்லியா இருந்தா. சரியா சாப்பிடறதில்லையோன்னு நினைச்சேன். நான் பையைத் தூக்கிக் காட்டுனேன்.

மிருதுளா சொன்னா, "சார், தயவுசெஞ்சு போயிடுங்க. எனக்கு பயமா இருக்கு."

இந்த வார்த்தைதாம்மா என்னைத் தூங்க விடல. எனக்கு பயமா இருக்கு. அதை என்கிட்ட சொல்றா! பக்கத்துல அத்தனை பேரு இருக்காங்க, செக்யூரிட்டி இருக்கான், மேலதிகாரி நிக்கிறான், அவங்ககிட்ட சொல்லல. என்கிட்ட சொன்னா. அந்த ஆபீஸ்ல அவளை என்ன பாடு படுத்துறாங்களோ. அந்த ஆளு அவ தோளுக்குப் பின்னாலயே நின்னான். அவனைப் பாத்துத்தான் அவ பயப்படறான்னு எனக்குப் புரிஞ்சுது. கண்ணுல தண்ணி நின்னுச்சும்மா உங்க பொண்ணுக்கு. நான் கதவைத் தட்டி, "பயப்படாத, நான் இருக்கேன், நான் இருக்கேன்"னு சத்தமா சொன்னேன். செக்யூரிட்டி என்னைப் பிடிச்சு இழுத்தான். சட்டை கிழிஞ்சுபோச்சு. அவ உள்ள ஓடிட்டா.

அப்படி ஒரு பொண்ணை விட்டுட்டு ஊருக்குப் போக முடியுமா? சொல்லுங்க. நீங்க தாயி, நீங்களே சொல்லுங்க.

வீட்டைக் கண்டுபிடிக்கறது பெரிய விஷயமா இல்ல. செம்பருத்தி பூத்துருக்குன்னு முன்னாடி எப்பவோ ஒரு போட்டோ போட்டிருந்தா, உங்க மாடியிலேர்ந்து எடுத்தது. பூவுக்குப் பின்னால ஒரு தண்ணி டேங்க். அதுக்குக் கீழ ஒரு கடை போர்டுல பாதி எழுத்து, "யலகம்"னு. தையலகம்தானே? ஒரு துண்டு எலும்பை வச்சு முழு மிருகத்தையும் கட்டறாங்க, ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாதா. வடவள்ளி, கவுண்டம்பாளையம்னு தெருத் தெருவா நடந்தேன். ஊர்ல எத்தனை தண்ணி டேங்க் இருக்குங்கிறீங்க! கடைசியில கிடைச்சுது. தையல்காரர் நல்ல மனுஷன். "மிருதுளா வீடா? அந்தக் கருப்பு கேட்டு"ன்னு கையை நீட்டிக் காட்டுனாரு. ஐயா ஈரோடு போயிருக்காரு, நாளைக்குத்தான் வருவாருன்னும் அவருதான் சொன்னாரு. அம்மா தனியா இருப்பாங்களே, நாம போயிப் பேசிக்கிட்டு இருக்கலாம்னு வந்தேன்.

என்னம்மா?

சொல்லுங்க, ஏன் தயங்குறீங்க?

வரமாட்டாளா?

வேலையை விட்டுட்டாளா? எப்போ?

அழாதீங்கம்மா. அழுதுக்கிட்டே சொன்னா எனக்குப் புரிய மாட்டேங்குது. நிதானமா சொல்லுங்க. நான் ஆபீசுக்கு வந்துட்டுப் போனதுக்கப்புறம்... ராத்திரி தூங்கல, சாப்பிடல... தெருவுல யாராவது நின்னாலே நடுங்குனா... சரி... வேலையை எழுதிக் குடுத்துட்டு ஊரை விட்டே போயிட்டா. போனையும் மாத்திட்டா. சரிம்மா. சரி. புரியுது எனக்கு.

"உன்னாலதான்"ங்கிறீங்க. ஆமாம்மா. என்னாலதான். எனக்காகத்தான். நான் எதிர்பாக்கவே இல்ல. ஆபீஸ்ல அந்த மிருகத்தைச் சேக்க முடியாதுன்னு சொல்லியிருப்பாங்க. இவ விடாம கேட்டிருப்பா. முடியாதுன்னதும் வேலையே வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டா. இப்படி ஒருத்தி எனக்காக வேலையை விடுவான்னு நான் கனவுலயும் நினைக்கல. பாருங்க, எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. ரெண்டு பேரும் உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கோம்.

எந்த ஊருக்குப் போயிருக்கா?

சும்மா பேரு மட்டும் சொல்லுங்க. வீடெல்லாம் நான் கண்டுபிடிச்சுக்கறேன்.

தெரியாதுன்னா எப்படி? பெத்த தாய்க்குத் தெரியாம ஒரு பொண்ணு எங்க போவா? நீங்க என்னைச் சந்தேகப்படறீங்க. எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் கோவம் இல்ல. வயசுப் பொண்ணை வச்சிருக்கறவங்க அப்படித்தான் ஜாக்கிரதையா இருக்கணும். நான் அவளை ஒரு தடவை பாத்து, வேலை போனா போகட்டும், நாம ரெண்டு பேரும் சேர்ந்து புதுசா ஒரு பூங்காவே பண்ணலாம்னு சொல்லணும். அவ படம் போடட்டும், நான் மிருகம் சொல்றேன். நம்ம மண்ணு மிருகம் மட்டும். ஒருத்தருக்கும் தெரியாதது மட்டும். அதைச் சொல்லிட்டா அவ பயம் போயிடும். அவ்வளவுதாம்மா எனக்கு வேணும். வேற எதுவும் வேண்டாம்.

இல்ல, இல்ல, நீங்க எழுந்திரிக்காதீங்க. போனை எதுக்குத் தேடறீங்க? என்கிட்டதான் இருக்கு, பத்திரமா பையில வச்சிருக்கேன். போகும்போது தர்றேன்.

சரி, உங்களுக்குச் சொல்ல மனசு வரலைன்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஐயா வரட்டும். ஆம்பளைங்களா உக்காந்து பேசிக்கிறோம், அவருக்குப் புரியும். நாளைக்குத்தானே வர்றாரு? எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. லாட்ஜைக் காலி பண்ணிட்டுத்தான் வந்தேன். ஊர்லயும் யாரும் தேட மாட்டாங்க. நான் இங்கயே இந்தச் சோபாவுல இருந்துக்கறேன். நீங்க எப்பவும்போல உங்க வேலையைப் பாருங்க.

மழை பிடிச்சுக்கிச்சு பாருங்க. சாரல் உள்ள வரைக்கும் அடிக்குது. நீங்க உக்காருங்கம்மா, தரையெல்லாம் ஈரம், வழுக்கி விழுந்துடப் போறீங்க. கதவை நான் சாத்தறேன்.

மேலயும் ஒரு தாழ்ப்பா இருக்கா? சரி, ரெண்டையுமே போட்டுடறேன்.